வயல் ஆரையில் தொடங்குங்கள்: டிஎன்ஏ வழியே பெரணிகளின் வம்சம் தேட ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் பெரணி என்றதும் எல்லாரும் மலையைத்தான் பார்க்கிறார்கள். கோதையாறு, மாஞ்சோலை, செங்கல்தேரி என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். பொதிகைத் தொடரின் ஈரக்காடுகளில் ஆளுயரம் தாண்டி நிற்கும் மரப்பெரணிகள் உண்டு, கிளைகளில் தொற்றி வளரும் பெரணிகள் ஏராளம் உண்டு. எல்லாம் உண்மைதான். ஆனால் டிஎன்ஏ கொண்டு பெரணிகளின் பரிணாம வரலாற்றைத் தேடும் வேலையை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், மலை ஏற வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஏதாவது ஒரு நெல்வயலுக்குப் போங்கள்.

வரப்போரம் ஆரைக்கீரை கிடைக்கும். மாடு வளர்ப்பவர்கள் வீட்டில் தார்ப்பாய் விரித்த குழியில் தீவனத்துக்கென்று அசோலா வளர்த்திருப்பார்கள். தேங்கிய குளங்களில் தேடினால் சால்வீனியா அகப்படும். மூன்றும் பெரணிகள். ஆரை, நீண்ட காம்பின் நுனியில் நான்கு இலைத்துண்டுகளோடு சேற்றில் வேரூன்றி நிற்கிறது. அசோலா விரல்நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக, செதில் செதிலாக மிதக்கிறது. சால்வீனியாவின் இலைமேல் தண்ணீர் ஒட்டாத மயிர்கள் அடர்ந்திருக்கும். அதற்கு வேரே கிடையாது. தண்ணீருக்குள் வேர் மாதிரி தொங்குவது உருமாறிய இலை. மூன்றையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தால் இவை உறவு என்று யாருக்கும் தோன்றாது. டிஎன்ஏ இவற்றை ஒரே வரிசைக்குள், சால்வீனியேல்ஸ் என்ற வரிசைக்குள் கொண்டுவருகிறது. முதல் ஆய்வுக்கு இதைவிட நல்ல பொருள் நம் வட்டாரத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பள்ளி மேல்நிலை அளவுக்கு உயிரியல் தெரிந்த எவரும் இந்த வேலையைச் செய்யலாம். ஆய்வக வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் கேள்வி

"பெரணிகளின் பரிணாமம்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. பதில் இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம் என்று இருந்தால்தான் அது கேள்வி. "அசோலாவுக்கு நெருங்கிய உறவு சால்வீனியாவா, ஆரைக்கீரையா?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை செடி வேண்டும், எந்த மரபணு போதும், எதோடு ஒப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே தெளிந்துவிடும்.

கேள்வியை எழுதிய பிறகு, பெரிய படத்தில் அது எங்கே உட்காருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் உள்ள பெரணி ஆய்வாளர்கள் கூடி 2016-இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, பெரணிகளும் லைக்கோஃபைட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 12,000 இனங்கள், 337 பேரினங்கள், 51 குடும்பங்கள். இந்த வகைப்பாடு பெரும்பாலும் டிஎன்ஏ ஆதாரத்தின் மேல் கட்டியது. அதற்கு முன் இலையின் அடிப்பக்கமுள்ள ஸ்போர்க் கூட்டங்களின் வடிவத்தையும், அவற்றை மூடும் சவ்வையும், மட்டநிலத்தண்டின் செதில்களையும் வைத்துத்தான் உறவு சொன்னார்கள். பல இடங்களில் அது சரியாகவே இருந்தது. சில இடங்களில் தலைகீழானது. குதிரைவாலி என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் ஈக்விசிட்டம், பெரணிகளோடு ஒரே கிளையில் வரும் என்று 2001-இல் டிஎன்ஏ காட்டியபோது பலருக்கு வியப்பு.

லைக்கோஃபைட்டு என்ற சொல்லைக் கவனியுங்கள். மலை ஓடைக்கரைகளில் தரையோடு படரும் செலாஜினெல்லாவைப் பார்த்ததும் பெரணி என்று நினைக்கத் தோன்றும். அது பெரணி அல்ல. அதன் முன்னோர் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டார்கள். பெரணிகளுக்கு நெருங்கிய உறவு விதைத்தாவரங்கள்தான், நம் நெல்லும் பனையும் உட்பட.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரணி என்றால் டைனோசார் காலத்திலிருந்து மாறாமல் கிடக்கும் செடி என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெரணிக் கிளை பழையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்று வாழும் பெரணி இனங்களில் ஐந்தில் நான்கு பங்கு பாலிபோடியேல்ஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பான்மை, பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவிய பிறகு, அந்தக் காடுகளின் நிழலில் கிளைத்துப் பெருகியவை என்று 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதைத் தெரிந்துகொண்டால் வரப்போரச் செடியையும் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

ஒப்பிட எதை எடுப்பது?

உறவைக் கிளைகளாகக் காட்டும் வம்ச மரம் வரைய மூன்று செடி போதாது. எந்த மூன்றை எடுத்தாலும், எது எதற்கு நெருக்கம் என்று சொல்ல வெளியே நிற்கும் ஒரு செடி வேண்டும். அதை வெளிக்குழு என்பார்கள். சால்வீனியேல்ஸுக்குப் பொருத்தமான வெளிக்குழு லைகோடியம். மலையடிவாரப் புதர்களில் கொடியாகச் சுற்றி ஏறும் பெரணி. அது சால்வீனியேல்ஸ், மரப்பெரணிகள், பாலிபோடியேல்ஸ் ஆகிய மூன்று வரிசைகளுக்கும் வெளியே நிற்பது. அதோடு கால்வாய்க் கல்கட்டிலும் பழைய சுவரிலும் வளரும் டெரிஸ் விட்டாட்டா, கிணற்றுச் சுவரின் உள்பக்கம் தொங்கும் அடியாண்டம், வாய்க்கால் சகதியில் வரும் செரட்டாப்டெரிஸ் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செரட்டாப்டெரிஸ் தண்ணீர்ச் செடிதான், ஆனால் சால்வீனியேல்ஸ் அல்ல. தண்ணீரில் வாழ்வது மட்டுமே உறவாகிவிடாது என்பதை உங்கள் மரமே உங்களுக்குக் காட்ட, இந்தச் செடி கட்டாயம் இருக்க வேண்டும்.

சேகரிப்பு: எல்லாம் இங்கேதான் இருக்கிறது

இந்தப் பகுதியைத்தான் நீளமாக எழுதப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள், டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் இயந்திரத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள், செடி பறிப்பதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. இயந்திரத்தில் கெட்டுப்போன வேலையை மறுநாள் திரும்பச் செய்யலாம். எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தெரியாத டிஎன்ஏவை எதுவும் காப்பாற்றாது.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண் கொடுங்கள். அதே எண் நான்கு இடத்தில் இருக்க வேண்டும்: குறிப்பேட்டில், இலைத்துண்டு வைத்த உறையில், அழுத்தி உலர்த்தும் செடியின் சீட்டில், எடுத்த படத்தில். குறிப்பேட்டில் தேதி, ஊர், எந்தக் கால்வாய் அல்லது குளம், செல்பேசி காட்டும் இட எண்கள், நிழலா வெயிலா, தண்ணீர் நின்றதா ஓடியதா என்று எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் கரைந்துவிடும்.

வயலில் இறங்குமுன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குனிந்து ஆரையைப் பறித்தால் வரப்பில் நிற்கிற ஆச்சி, "என்னய்யா, கீரையா பறிக்கிய?" என்று கேட்பார்கள். விஷயத்தைச் சொல்லுங்கள். எந்த மூலையில் அது அடர்ந்து வரும், எப்போது காயும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் உங்களுக்கு மிகவும் தேவை. ஏனென்றால் ஆரையின் இனத்தைச் சரியாகச் சொல்ல இலை மட்டும் போதாது, காம்பின் அடிப்பக்கத்தில் அவரைவிதை வடிவில் வரும் கெட்டியான சிறிய ஸ்போரோகார்ப்புகள், அதாவது ஸ்போர் அடங்கிய கூடுகள் வேண்டும். தண்ணீர் நிறைந்து நிற்கும்போது அவற்றைப் பார்ப்பது அரிது. பிசான அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கும் மாசி, பங்குனியில் தேடுங்கள்.

டிஎன்ஏவுக்கான துண்டை இளம் இலையிலிருந்து எடுங்கள். முற்றிய இலையில் டிஎன்ஏ பிரிக்கத் தடையாகும் பிசினும் பாலிபினால்களும் அதிகம். இலையின் மேல் பாசியோ வேறு சிறு செடியோ ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தீப்பெட்டி அளவுத் துண்டு தாராளம். அதைத் தேயிலைப் பை மாதிரியான மெல்லிய காகித உறையில் போட்டு, ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லுக்குள் புதையுங்கள். இலையின் எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் இருக்கட்டும். ஒரே நாளில் இலை மொடமொடவென்று காய வேண்டும். பச்சை மாறாமல் காய்ந்தால் நல்ல அறிகுறி. நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லை உடனே மாற்றுங்கள். அசோலாவையும் சால்வீனியாவையும் முதலில் டிஷ்யூ காகிதத்தில் ஒற்றித் தண்ணீரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காய்வதற்குள் அழுகிவிடும்.

மீதிச் செடியை, மட்டநிலத்தண்டும் வேரும் ஸ்போர் தாங்கும் இலையும் சேர்த்து, செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்தி உலர்த்துங்கள். இதுதான் சான்று மாதிரி. சால்வீனியாவை ஒரு தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் கெட்டிக் காகிதத்தைச் செலுத்தி மெல்லத் தூக்கினால் வடிவம் குலையாமல் ஒட்டிக்கொள்ளும். அசோலா அழுத்தினால் உதிரும். கொஞ்சத்தை 70 சதவீத எத்தனாலில் போட்டு வையுங்கள்.

அசோலாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தீவனக் குழியில் இருப்பது நம் குளங்களில் தானாக வளர்ந்ததா, வெளியூரிலிருந்து வாங்கி வந்து விட்டதா என்று செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளிநாட்டு அசோலா இனங்களும் தீவனத்துக்காகப் பல ஊர்களுக்குப் போயிருக்கின்றன. எங்கே வாங்கினார்கள் என்று கேட்டு, "வளர்க்கப்பட்டது" என்று குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். இந்த ஒரு சொல் விடுபட்டால், பின்னால் வருகிறவர் இதைத் தாமிரபரணிக் கரையின் இயற்கைச் செடி என்று எடுத்துக்கொண்டு தவறான முடிவுக்குப் போவார்.

பெயர் சொல்ல உதவி வேண்டுமென்றால் நம் ஊரிலேயே இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பெரணி ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. அங்கே பணியாற்றிய வி.எஸ்.மாணிக்கமும் வி.இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்னிந்தியப் பகுதிப் பெரணிகளைப் பற்றி 1992-இல் வெளியிட்ட விரிவான நூல்தான் இன்றும் நம் பக்கத்துப் பெரணியை அடையாளம் காணக் கையிலெடுக்க வேண்டியது. கல்லூரி ஹெர்பேரியத்திலோ (உலர்த்திய செடிகளின் காப்பகம்), கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ முன்கூட்டி அனுமதி கேட்டுப் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆய்வகத்தில்

காய்ந்த இலை 20 முதல் 50 மில்லிகிராம் போதும். நன்றாகப் பொடியாக்கி, செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே எடுக்க உதவும் சிடாப் கரைசலில் போட்டு 65 டிகிரி செல்சியஸில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைப்பது வழக்கமான முறை. பெரணிகளில் இந்தக் கட்டத்தில்தான் சிரமம் வரும். சில செடிகளின் கரைசல் கொழகொழவென்று இழுக்கும், சிலது பழுப்பாகிவிடும். இழுப்பதற்குக் காரணம் பாலிசாக்கரைடுகள், பழுப்புக்குக் காரணம் பாலிபினால்கள். பிவிபி என்ற பொடியைச் சேர்த்தால் பாலிபினாலைப் பிடித்துக்கொள்ளும். பீட்டா மெர்காப்டோ எத்தனால் ஒரு துளி சேர்த்தால் பழுப்பாவது குறையும். நாற்றமும் நச்சும் உள்ள பொருள், ஆய்வகத்தில் நச்சுப்புகையை உறிஞ்சும் புகைக்கூண்டுக்குள் மட்டுமே திறக்க வேண்டும். குளோரோஃபார்மும் அப்படியே. அப்புறம் குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24க்கு 1 கலவையால் கழுவி, மேல்நீரை எடுத்து, ஐசோபுரோப்பனாலில் டிஎன்ஏவைப் படியவைத்து, 70 சதவீத எத்தனாலில் கழுவி உலர்த்துங்கள். மேல்நீரை எடுக்கும்போது பேராசை வேண்டாம். நடுவில் நிற்கும் வெள்ளைப் படலத்துக்கு மேல் கொஞ்சம் விட்டுவிட்டே எடுங்கள்.

அடுத்து எந்த மரபணு. தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை ஆர்பிசிஎல் மட்டும். பசுங்கணிகத்தில் இருக்கும் இந்த மரபணு ஏறத்தாழ 1,400 டிஎன்ஏ எழுத்து நீளம், ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ புரதத்தின் பெரிய பகுதிக்கான குறிப்பு இதில் இருக்கிறது. ஒரு செல்லில் பசுங்கணிக டிஎன்ஏ பிரதிகள் ஏராளம் இருப்பதால் மாதிரி சுமாராக இருந்தாலும் கிடைத்துவிடும். பெரணிகளில் 1990களிலிருந்தே ஆர்பிசிஎல் எழுத்து வரிசைகள் குவிந்திருப்பதால் ஒப்பிடவும் நிறைய உண்டு. நெருங்கிய இனங்களைப் பிரிக்க இது போதாமல் போனால் பசுங்கணிகத்திலேயே உள்ள டிஆர்என்எல்-எஃப் பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். பூக்கும் தாவரங்களில் புகழ்பெற்ற மேட்கே மரபணுவை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். பெரும்பாலான பெரணிகளில் அதன் இரு பக்கமும் உள்ள பகுதி மாறிவிட்டதால், பூக்கும் தாவரங்களுக்கு வடிவமைத்த பிரைமர்கள் (பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஒட்டாது.

பிசிஆர் வைக்கும்போது ஒரு குழாயில் டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் வையுங்கள். பிறகு ஜெல்லில் ஓடவிட்டுப் பார்க்கும்போது அதிலும் டிஎன்ஏ பட்டை விழுந்தால் அன்றைய வேலை முழுவதும் சந்தேகத்துக்குரியது. டிஎன்ஏ நிறைய இருந்தும் பிசிஆர் வேலை செய்யவில்லையா? பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். பல நேரம் தடுப்பது கூடவே வந்த பாலிசாக்கரைடுதான். ஜெல்லில் ஒரே தெளிவான பட்டை வந்தால் வரிசை வாசிக்க அனுப்பலாம். சாங்கர் முறையில் ஒரு வாசிப்பு 700, 800 எழுத்துவரை நம்பகமாக வரும், ஆகவே ஆர்பிசிஎல்லை இரு முனையிலிருந்தும் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆய்வகம் இல்லாதவர்கள் இந்தப் பகுதி முழுவதையும் தாண்டலாம். ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஆரை, அசோலா, சால்வீனியா, லைகோடியம், டெரிஸ் எல்லாவற்றின் ஆர்பிசிஎல் வரிசைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து எடுக்கும்போது நம் ஊரில் இல்லாத இரண்டு உறவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரெக்னெல்லிடியம், பிலுலாரியா. ஆரைக்கு நான்கு இலைத்துண்டு, தென் அமெரிக்காவின் ரெக்னெல்லிடியத்துக்கு இரண்டு, பிலுலாரியாவுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் நூல்போன்ற இலை. மூன்றும் ஒரே குடும்பம். சான்று மாதிரி எண் இல்லாத பதிவுகளைக் கூடியவரை தவிருங்கள். மேலே சொன்ன செடிகளை வயலில் நேரில் பார்த்துக் குறிப்பெழுதும் வேலையை மட்டும் ஆய்வகம் இல்லாதவர்களும் விட வேண்டாம்.

வரிசையைச் சுத்தம் செய்தல்

வந்த கோப்பை நேராக மென்பொருளில் கொட்டக் கூடாது. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு முகடாகக் காட்டும் அலைவரைபடத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். முதல் 30, 40 எழுத்துகளும் கடைசிப் பகுதியும் குழம்பியிருக்கும், வெட்டிவிடுங்கள். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் தொடர்ந்து தெரிந்தால் நிறுத்துங்கள். பசுங்கணிக மரபணுவில் அப்படி வரக் காரணமில்லை. வேறொரு செடி கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு மாதிரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து ஒவ்வொரு வரிசையையும், ஜென்பேங்கில் அதற்கு ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் பிளாஸ்ட் தேடலில் போடுங்கள். அசோலாவுக்கு இது மிக முக்கியம். அதன் இலைக்குள் நைட்ரஜனை நிலைநிறுத்தும் ஒரு சயனோபாக்டீரியா தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. அசோலா வயலுக்கு உரமாவதே அதனால்தான். நீங்கள் பிரித்தெடுத்த டிஎன்ஏவில் இரண்டு உயிர்களின் டிஎன்ஏவும் இருக்கும். சயனோபாக்டீரியாவிலும் ஆர்பிசிஎல் உண்டு. பிளாஸ்ட் முடிவில் பெரணிப் பெயர்கள் வருகின்றனவா என்று உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

ஆர்பிசிஎல் புரதம் செய்யும் மரபணு என்பதால், மூன்று மூன்று எழுத்தாக மொழிபெயர்த்துப் பார்க்கலாம். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் வாசிப்புப் பிழை என்பது பொது விதி. பெரணிகளில் அந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்துங்கள். இவற்றின் பசுங்கணிகத்தில் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ வந்த பிறகு சில எழுத்துகளைத் திருத்தும் வேலை நடக்கிறது. அடியாண்டம் கேப்பில்லஸ்-வெனரிஸின் பசுங்கணிகத்தில் மட்டும் இப்படி 350 திருத்த இடங்களைக் கண்டிருக்கிறார்கள். செடி தானே திருத்திக்கொள்ளும் நிறுத்தக் குறியை நாம் பிழை என்று அழித்துவிடக் கூடாது. அலைவரைபடத்தில் அந்த எழுத்து சுத்தமாக இருக்கிறதா, நெருங்கிய இனத்திலும் அதே எழுத்து உண்டா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் விட்டுவிடுங்கள்.

மரம் வரைதல்

எல்லா வரிசைகளையும் மாஃப்ட் மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். ஆர்பிசிஎல்லில் இடைவெளிகள் விழவே கூடாது. ஓரெழுத்து இடைவெளி கண்டால் அலைவரைபடத்துக்குத் திரும்புங்கள். டிஆர்என்எல்-எஃப் பகுதியில் இடைவெளிகள் இயல்பு, அங்கே ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். அடுக்கிய கோப்பை ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் கொடுத்தால், டிஎன்ஏ எழுத்துகள் மாறும் விதத்துக்குப் பொருத்தமான கணித மாதிரியை அதுவே தேர்ந்து மரம் வரைந்து தரும். இருபது வரிசைக்குச் சாதாரண மடிக்கணினியில் சில நிமிடங்களே ஆகும். ஒவ்வொரு கிளையும் எவ்வளவு உறுதியானது என்று எண்ணால் சொல்லும் பூட்ஸ்ட்ராப் சோதனையைச் சேர்த்தே ஓடவிடுங்கள். அதன் அதிவேக முறையில் 95-க்கு மேல் எண் பெற்ற கிளைகளை நம்பலாம். பழைய முறை என்றால் 70-க்கு மேல் என்பது வழக்கம். எண் குறைந்த கிளையைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

மரத்தை வாசிக்கும்போது எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: நுனியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களை உறவு என்று நினைப்பது. தாமிரபரணி வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வலாறு பாபநாசத்துக்கு மேலேயே ஆற்றோடு கூடிவிடுகிறது, சிற்றாறு சீவலப்பேரியில்தான் வந்து சேர்கிறது. வரைபடத்தில் எதை எங்கே எழுதினாலும், எது எதோடு எங்கே கூடுகிறது என்பது மாறாது. மரத்திலும் நுனியிலிருந்து வேரை நோக்கி நடந்து, இரண்டு கிளைகள் எங்கே சந்திக்கின்றன என்று மட்டும் பாருங்கள். அந்தச் சந்திப்புதான் பொது மூதாதை. முனைகளை இடம் வலம் திருப்பினால் மரம் மாறாது.

வேலை சரியாக நடந்திருந்தால் அசோலாவும் சால்வீனியாவும் முதலில் சந்திக்கும். ஆரை, ரெக்னெல்லிடியம், பிலுலாரியா தனியாகக் கூடும். அந்த இரு கூட்டமும் அப்புறம் ஒன்றுசேரும். செரட்டாப்டெரிஸ் டெரிஸோடும் அடியாண்டத்தோடும் போய்விடும். உங்கள் முடிவை 2022-இல் வெளியான திறந்த பெரணி மரத்தோடு ஒப்பிடுங்கள். 5,500-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. பொருந்தவில்லை என்றால் புதிய கண்டுபிடிப்பு என்று துள்ளுமுன் உறை எண்களைச் சரிபாருங்கள். பெரும்பாலும் இரண்டு சீட்டுகள் இடம் மாறியிருக்கும்.

ஒரு மரபணு சொல்லாதவை

பசுங்கணிகம் பெரணிகளில் பொதுவாகத் தாய்வழியே வருவது. இரண்டு இனங்கள் கலந்து பிறந்த செடியில் ஆர்பிசிஎல் தாயை மட்டுமே காட்டும், தந்தை யாரென்று அதற்குத் தெரியாது. பெரணிகளில் கலப்பும், குரோமோசோம் தொகுதிகள் பெருகுவதும் மிகச் சாதாரணம். ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்ற சின்னஞ்சிறு பெரணியின் ஒரு செல்லில் 1,200-க்கும் மேல் குரோமோசோம்கள். குளங்களை மூடும் சால்வீனியா மொலெஸ்டா, ஐந்து தொகுதி குரோமோசோம் கொண்டு, இனப்பெருக்க ஸ்போர் இல்லாமல் உடைந்த துண்டுகளாலேயே உலகெங்கும் பரவியது. டெரிஸ் பேரினத்தில் கருவுறுதலே இல்லாமல் அடுத்த தலைமுறை வரும் செடிகள் நிறைய. இப்படிப்பட்டவற்றுக்கு உட்கரு மரபணுக்களையும் பார்த்தே ஆக வேண்டும், குரோமோசோமையும் எண்ண வேண்டும். பெரணிகளின் உட்கரு டிஎன்ஏ மிகப் பெரியது. அதனால்தான் முதல் முழு மரபணுத்தொகுதிகள் 2018-இல்தான் வந்தன. அவை அசோலா இனம் ஒன்றுக்கும் சால்வீனியா இனம் ஒன்றுக்கும், அவற்றின் மரபணுத்தொகுதி சிறியது என்பதால்.

ஒரு மரபணுவின் வரலாறு செடியின் வரலாறு ஆகாது என்பதற்கு அழகான எடுத்துக்காட்டு நியோகுரோம். மங்கிய ஒளியை உணர உதவும் இந்த மரபணு, பெரணிகளுக்குக் கொம்புப்பாசிகள் (ஹார்ன்வொர்ட் எனப்படும் பாசியினச் சிறு தாவரங்கள்) என்பவற்றிடமிருந்து தாவி வந்தது என்று 2014-இல் காட்டினார்கள். அதை மட்டும் வைத்து மரம் வரைந்தால் பெரணி கொம்புப்பாசியின் பிள்ளையாகிவிடும்.

"எத்தனை ஆண்டுக்கு முன் பிரிந்தன?" என்பது எல்லாருக்கும் வரும் ஆசை. புதியவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளி வைப்பது நல்லது. டிஎன்ஏ மாற்றம் எல்லாக் கிளையிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. மரப்பெரணிகளில் மெதுவாகவும், மரத்தில் புல்போலத் தொங்கும் விட்டேரியா வகைகளில் வேகமாகவும் நடக்கிறது. காலம் சொல்ல வயது தெரிந்த புதைபடிவங்களை மரத்தின் சரியான கிளைச்சந்திப்பில் பொருத்த வேண்டும். அது தனிப் பயிற்சி.

மலைக்குப் போகும் நாள்

வயல் வேலையில் கை பழகிய பிறகு மலைக்குப் போகலாம். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. கல்லூரி வழியாக, எந்த இனம், எத்தனை மாதிரி, எந்த மாதம் என்று தெளிவாக எழுதி விண்ணப்பியுங்கள். காலம் பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். வெளிநாட்டு ஆய்வாளர் யாராவது சேர்ந்தால், 2002-ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய உயிரினப் பன்மை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மரப்பெரணிகள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை, மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனி ஆவணம் தேவை. எண்ணிக்கை குறைந்த இனம் என்றால் முழுச் செடியைப் பிடுங்காதீர்கள். ஒரு இலைப்பகுதியும் நல்ல படங்களும் சான்றாகப் போதும்.

கடைசி வேலை பதிவு. உங்கள் வரிசைகளை ஜென்பேங்கில் ஏற்றும்போது இனப்பெயரோடு சேகரிப்பு எண், சான்று மாதிரி இருக்கும் ஹெர்பேரியம், சேகரித்த தேதி, ஊர், வளர்த்த செடியா தானாக வளர்ந்ததா என்ற விவரம், பெயர் உறுதி செய்தவர் என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள். அரிய இனமென்றால் சரியான இட எண்களைத் தராமல் வட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். செடி திருடுகிறவர்களும் தரவுத்தளம் பார்ப்பார்கள். சான்று மாதிரியை ஏற்றுமுன்பே ஹெர்பேரியத்தில் கொடுத்து எண் வாங்கிவிடுங்கள். மாதிரியின் இரண்டாவது பிரதி இருந்தால் கோயம்புத்தூருக்கும் ஒன்று அனுப்புங்கள். மீதி டிஎன்ஏவை மைனஸ் 20 டிகிரியில் அதே எண்ணோடு வையுங்கள், அடுத்த மரபணுவைப் பார்க்க வருகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.